விளிம்பில் நிற்பவனின் முதல் ஆண்டு

அமெரிக்கக் கால்பந்து உலகில் ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசியில் கூடி ஆகஸ்டு முடிவில் கலையும் பயிற்சி முகாம்களில், அணிக்கு 90 பேராகச் சேர்ந்த ஆட்டக்காரர்கள் 53 பேராகக் குறைக்கப்படுகிறார்கள். இந்தச் சலித்தெடுப்பில் எத்தனையோ பரீட்சைகள் நடக்கின்றன. வீசுபவன் எத்தனை முறை குறி தவறினான், பிடிப்பவன் எத்தனை முறை பந்தை நழுவவிட்டான் என்பதையெல்லாம் பத்திரிகைக்காரர்கள் மைதானத்தின் ஓரத்தில் நின்று எண்ணிக் குறித்துக்கொண்டே போகிறார்கள். ஆனால் முன்வரிசையின் விளிம்பில் இருக்கும் டேக்கிள் என்னும் ஸ்தானத்தைப் பெறுவதற்காக, கல்லூரியை விட்டு அப்போதுதான் வந்த ஓர் இளைஞன் அங்கே படும் பாட்டைப்போல அவசரமாகவும் அநியாயமாகவும் தீர்ப்புச் சொல்லப்படுகிற விஷயம் அந்த ஆட்டத்தில் வேறொன்றும் இல்லை என்பது என் துணிபு. அந்த ஸ்தானத்துக்குரிய வித்தை எத்தகையது, அது எவ்வாறு தேகத்தில் படிகிறது என்பதைச் சற்று நின்று பார்த்தால், ஆகஸ்டு மாதத்துத் தீர்ப்புகள் ஏன் பொய்த்துப்போகின்றன என்பது விளங்கும்.

பந்தை உடைய அணியின் 11 பேரில் ஐவர் முன்வரிசையில் நிற்பவர்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், கார்டுகளுக்கு வெளிப்புறத்தில் டேக்கிள்கள். பெரும்பாலும் 300 பவுண்டுக்கு மேற்பட்ட எடையுள்ள இந்த ஐவருக்கும், நடுவரிடம் முன்கூட்டித் தெரிவித்துக்கொண்டாலன்றி, முன்னோக்கி வீசப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமைகூடக் கிடையாது. தங்களுக்குப் பின்னால் நின்று பந்தை வீசும் க்வார்ட்டர்பேக்கை எதிரிகள் நெருங்காதபடி தடுப்பதும், பந்தைச் சுமந்து ஓடுபவனுக்கு வழி திறந்துவிடுவதுமே இவர்கள் கடமை. சென்டருக்கும் கார்டுகளுக்கும் இருபுறமும் துணை உண்டு. டேக்கிளுக்கோ ஒருபுறம் வெட்டவெளி. அந்த வெளியில் வந்து நிற்பவன் எதிரணியிலேயே அதிவேகம் உள்ளவனாக இருப்பான்.

இந்த ஸ்தானம் எக்காலத்திலும் இத்தனை மதிப்புடன் இருந்ததில்லை. 1978-ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டு, தடுப்பவர்கள் கைகளை நீட்டி உள்ளங்கையால் எதிரியைத் தள்ளலாம் என்றும், பந்தைப் பிடிக்க ஓடுபவர்களை ஐந்து கெஜத்துக்கு அப்பால் தொடக்கூடாது என்றும் ஏற்பட்ட பிறகு, பந்தை வீசும் ஆட்டம் ஓங்கி வளர்ந்தது. வீசுபவனின் உடம்பு அணியின் மூலதனமாயிற்று. 1981-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு லாரன்ஸ் டெய்லர் வந்தார். 1985-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி இரவு, வாஷிங்டனில், நாடெங்கும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, ஜோ தைஸ்மன் என்ற க்வார்ட்டர்பேக்கின் வலது கால் எலும்பு டெய்லர் பாய்ந்து விழுந்ததில் முறிந்தது. தைஸ்மன் பிறகு ஆடவேயில்லை. வலக்கையால் வீசுபவனுக்கு முதுகுப்புறமாக அமைவது இடப்பக்கம். அன்று வாஷிங்டனின் வழக்கமான இடப்புற டேக்கிளாகிய ஜோ ஜேகபி காயத்தினால் ஆடவில்லை. இந்தச் சம்பவத்தில் தொடங்கித்தான் மைக்கேல் லூயிஸ் 2006-இல் வெளியிட்ட நூலில் இடப்புற டேக்கிளின் மதிப்பு ஏறிய கதையைச் சொல்கிறார். ஆனால் இடம்தான் உயர்ந்தது, வலம் தாழ்ந்தது என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. 2016 பிப்ரவரியில் நடந்த ஐம்பதாவது சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் டென்வரின் வான் மில்லர், கரோலைனாவின் வலப்புற டேக்கிளாகிய மைக் ரெம்மர்ஸைத் தாண்டி வந்து இருமுறை பந்தைப் பறித்து ஆட்டத்தையே மாற்றிய பிறகு, எந்தப் பக்கமும் பாதுகாப்பான பக்கம் அல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ரெம்மர்ஸின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, அந்த வித்தையை அருகே சென்று பார்ப்போம். இடப்புற டேக்கிள் குனிந்து நிற்கிறான். பந்து அசைந்த மாத்திரத்தில் அவன் இடது கால் பின்னோக்கி வழுக்கிச் செல்கிறது. வலது கால் தரையை உந்தி அதைத் தொடர்கிறது. மீண்டும் இடது, மீண்டும் வலது. பாதங்கள் தரையை விட்டு அதிகம் எழக்கூடாது, ஒன்றோடொன்று குறுக்கிடக்கூடாது. மூன்று அடி இவ்வாறு பின்வாங்குவதற்குள் எதிரி ஏறக்குறைய முழு வேகத்தையும் பெற்றுவிடுகிறான். அவ்வளவு நேரமும் டேக்கிளின் இடுப்பு எதிரியை நோக்கியே இருக்கவேண்டும்: அரைக்கணம் முன்னால் திருப்பினால் எதிரி உட்புறமாக வெட்டிப் புகுந்துவிடுவான், அரைக்கணம் தாமதித்தால் வெளிப்புறமாக வளைந்து க்வார்ட்டர்பேக்கின் முதுகை எட்டிவிடுவான். பிறகு கைகள். முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்க, கட்டைவிரல்கள் மேல்நோக்க, எதிரியின் மார்பில் முதலில் போய்ச் சேரவேண்டும்; முதலில் தாக்குபவனுக்கே அந்தத் துவந்தத்தில் பாதி வெற்றி. ஆனால் அவசரப்பட்டுக் கையை வீசினால் எதிரி அதைத் தட்டிவிட்டுக் கடந்துபோவான். தாமதமாகித் தோளைப் பற்றி இழுத்தாலோ 10 கெஜம் அபராதம். பந்து அசையுமுன் தான் அசைந்தால் 5 கெஜம் அபராதம். க்வார்ட்டர்பேக் பந்தை விடுவிக்க எடுத்துக்கொள்ளும் சுமார் இரண்டரை விநாடிக்குள் இத்தனையும் நடந்தேறிவிட வேண்டும். ஓர் ஆட்டத்தில் இது அறுபது தடவைக்கு மேலும் வரலாம். ஐம்பத்தொன்பது தடவை சரியாகச் செய்து ஒரு தடவை தவறினாலும், மறுநாள் எல்லோரும் பார்ப்பது அந்த ஒன்றைத்தான்.

எதிரணியின் சொந்த மைதானத்தில் இன்னொரு தொல்லை சேர்கிறது. எழுபதினாயிரம் பேர் இடும் கூச்சலில் க்வார்ட்டர்பேக்கின் குரல் கேட்காது. ஆகவே மௌனக் கணக்கு ஒன்றை வைத்திருக்கிறார்கள்: கார்டு, சென்டரைத் தட்டுவான்; சென்டர் தலையை அசைத்து, உள்ளுக்குள் எண்ணி, பந்தைப் பின்னால் கொடுப்பான். டேக்கிள் தலையைத் திருப்பிப் பந்தின்மீதே கண் வைத்திருந்து, அது அசைந்த பிறகு எதிரியை நோக்க வேண்டும். எதிரியோ தொடக்கத்திலிருந்தே பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்தச் சிறு பின்னடைவைக் கால்களின் அப்பியாசம் ஒன்றினால்தான் ஈடுசெய்ய முடியும். இவ்வளவு நுட்பமான தொழிலுக்கு உத்தியோகபூர்வமான ஆட்டக் குறிப்பேட்டில் ஓர் எண்ணும் இல்லை. டேக்கிளின் பெயர் அதில் இடம்பெறுவது பெரும்பாலும் அபராதத்தின் எதிரில்தான்.

இப்போது அந்த அடிவைப்பையே வலப்பக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள். முன்பு உந்திய கால் இப்போது வழுக்க வேண்டும். முன்பு வழுக்கிய கால் உந்த வேண்டும். தற்காப்புக்கு வைத்திருந்த கை முதலில் தாக்க வேண்டும். வலந்தலையில் விரல் பழகிய மிருதங்கக்காரரிடம் வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்து அன்று மாலையே கச்சேரிக்கு உட்காரச் சொல்வதற்கு ஒப்பானது இது. லயம் அவருக்குத் தெரியாததன்று, ஆனால் விரல்கள் அதை அறியா. முதலாண்டு டேக்கிள்கள் பலருக்கும் அணிகள் செய்வது இதையேதான். காரணம் எளிது: அணியில் ஏற்கெனவே ஒரு நல்ல இடப்புற டேக்கிள் இருப்பார், புதியவனைச் சும்மா உட்கார வைக்க மனம் வராது, ஆகவே வலப்பக்கத்தில் நிறுத்துவார்கள்.

இதற்குச் சிறந்த உதாரணம் பெனை சூவல். அமெரிக்க சமோவாவின் மலேஇமி என்ற ஊரில் 2000-ஆம் ஆண்டில் பிறந்து, யூட்டா மாநிலத்துக்கு வந்து, ஆரிகன் பல்கலைக்கழகத்தில் இடப்புற டேக்கிளாக ஆடி, 2019-இல் முன்வரிசையாளர்க்குரிய மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான அவுட்லண்ட் பரிசை அப்பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகப் பெற்றவர் அவர். பெருந்தொற்றின் காரணமாக 2020-ஆம் ஆண்டு ஆட்டங்களிலிருந்து விலகிக்கொண்டார். 2021 ஏப்ரலில், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் ஆண்டுத் தெரிவில், டெட்ராய்ட் லயன்ஸ் அணி அவரை ஏழாவது தெரிவாக எடுத்தபோது, அவர் 2020 ஜனவரி முதல் தேதியன்று நடந்த ரோஸ் பவுல் ஆட்டத்துக்குப் பிறகு ஓர் ஆட்டமும் ஆடியிருக்கவில்லை. டெட்ராய்டின் இடப்பக்கத்தில் டெய்லர் டெக்கர் இருந்தார். எனவே சூவல் வலப்பக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டார். ஏறக்குறைய 19 மாத இடைவெளிக்குப் பின், பழகாத பக்கத்தில், இருபதே வயதான ஒருவர் முன்னோட்ட ஆட்டங்களில் தடுமாறியதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஆனால் அந்த ஆகஸ்டில் பேசப்பட்டவை வேறு: ஏழாவது தெரிவு வீணாயிற்றோ என்ற சந்தேகம் பகிரங்கமாகவே எழுப்பப்பட்டது. அவருடைய தவறுகளில் பெரும்பாலானவை பக்கம் மாறியவனின் கால் செய்யும் தவறுகள் என்பதை எடுத்துச் சொன்னவர்கள் சிலரே.

பிறகு நடந்தது ஒரு விசித்திரமான சோதனை. எந்த ஆய்வாளனும் திட்டமிட்டு இதைவிட நன்றாக அமைத்திருக்க முடியாது. பருவத்தின் முதல் ஆட்டத்துக்குச் சில நாட்களே இருக்கையில் டெக்கரின் விரலில் அடிபட்டது. சூவல் மறுபடியும் இடப்பக்கத்துக்கு அழைக்கப்பட்டார். எதிரே ஸான்பிரான்சிஸ்கோவின் நிக் போசா. அந்தத் தொழிலில் தலைசிறந்தவர்களில் ஒருவர். டெட்ராய்ட் 41-33 என்று தோற்றது; ஆனால் ஆகஸ்டில் தடுமாறிய இளைஞன் அன்று அங்கே இல்லை. தமக்குப் பழகிய பக்கத்தில் நின்றதும் கால்கள் தாமாகவே தங்கள் வேலையைச் செய்தன. நவம்பரில் டெக்கர் திரும்பியதும் அவர் மீண்டும் வலப்பக்கம் சென்றார். இம்முறை வாராவாரம் மெய்யான எதிரிகளின் எதிரில் கற்றார். லயன்ஸ் அவ்வாண்டு மூன்றே வெற்றி பெற்ற அணி; ஆதலால் அவர் கற்றுக்கொள்வதற்குச் செலவழிக்கும் தோல்விகள் அணிக்குப் பெரும் பாரமாகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2023-இலும் 2024-இலும் நாட்டின் முதல்தர அணியில் அவர் வைத்து எண்ணப்பட்டது வலப்புற டேக்கிளாகவே. 2024 வசந்தத்தில் நான்கு ஆண்டுகளுக்கு 11.2 கோடி டாலர் என்ற ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. 2022 டிசம்பரில் மின்னஸோட்டாவுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், நடுவரிடம் முறைப்படி அறிவித்துக்கொண்டு ஓடி, வீசப்பட்ட பந்தைத் தாமே பிடித்து 9 கெஜம் சென்று வெற்றியை உறுதிசெய்ததும் இவர்தான். முன்வரிசையாளருக்கு அத்தகைய பாக்கியம் அபூர்வம்.

இதே நியாயம் பழைய வரலாறுகளிலும் தென்படுகிறது. 1996-இல் கிளீவ்லந்திலிருந்து பால்டிமோருக்குக் குடிபெயர்ந்த ரேவன்ஸ் அணி, தன் முதல் தெரிவாக ஜானதன் ஆக்டனை எடுத்தது. டோனி ஜோன்ஸ் என்ற அனுபவசாலி இடப்புற டேக்கிளாக இருந்ததால், ஆக்டன் முதலாண்டு முழுவதும் உட்புறத்தில் கார்டாக ஆடினார். அடுத்த ஆண்டு ஜோன்ஸ் டென்வருக்கு மாற்றப்பட, ஆக்டன் விளிம்புக்கு வந்தார். பின்னர் அந்த ஸ்தானத்தின் தலைசிறந்தவர்களில் ஒருவராகி 2013-இல் புகழ்மண்டபம் ஏறினார். விளிம்பின் தனிமைக்கு முன்பு ஓராண்டு துணைகளுக்கிடையே நின்று கற்ற அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மெச்சுகிறேன். இதற்கு மாறாக எரிக் ஃபிஷர், 2013-ஆம் ஆண்டுத் தெரிவில் நாட்டிலேயே முதல்வராகக் கான்ஸஸ் ஸிட்டியால் எடுக்கப்பட்டு, பிராண்டன் ஆல்பர்ட் இடப்பக்கத்தில் இருந்தபடியால் வலப்பக்கத்தில் நிறுத்தப்பட்டார். முதல் தெரிவு என்ற பெயரே அவருக்குச் சுமையாயிற்று. அவ்வாண்டின் ஏச்சு அவரைப் பல வருஷங்கள் விடாமல் தொடர்ந்தது. அவர் இடப்பக்கம் திரும்பி மெல்ல மெல்லத் தேறி, 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சூப்பர் பவுலை வென்ற அணியின் இடப்புற டேக்கிளாக நின்றதை ஏசியவர்கள் எத்தனை பேர் நினைவுகூர்ந்தார்களோ!

முன்காலத்தைவிட இக்காலத்தில் இந்தக் கல்வி கடினமாகியிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆட்டக்காரர்களின் தேக நலத்தைக் கருதி 2011-இல் ஏற்பட்ட தொழில் உடன்படிக்கை, ஒரே நாளில் இருவேளை கவசம் அணிந்து மோதும் பழைய வழக்கத்தை ஒழித்தது. பருவம் முழுவதிலும் கவசப் பயிற்சிகள் 14-க்கு மேல் கூடாது என்றது. 2020-இல் ஏற்பட்ட உடன்படிக்கை முகாமின் கவசப் பயிற்சிகளையும் 16-ஆகக் குறைத்தது. 2021 முதல் முன்னோட்ட ஆட்டங்களும் நான்கிலிருந்து மூன்றாயின. மூளைக்கும் மூட்டுகளுக்கும் நேரும் சேதத்தை எண்ணும்போது இந்தச் சீர்திருத்தங்கள் தர்மமானவை. அவற்றை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கவசமின்றிக் கற்கமுடியாத வித்தை ஒன்று உண்டென்றால் அது முன்வரிசையின் வித்தைதான். வீசுபவனும் பிடிப்பவனும் வசந்தகாலத்திலேயே சட்டையோடு பழகிக்கொள்ளலாம். மார்பில் மார்பு மோதாமல் டேக்கிளுக்குப் பாடமே தொடங்குவதில்லை. மேலும், கல்லூரிகளில் இன்று பெரும்பாலும் ஆடப்படுவது பந்தை விரைவில் விடுவிக்கும் ஆட்டமாதலால், மூன்று விநாடி தாங்கி நிற்கும் அப்பியாசம் அங்கேயே குறைவு. இரண்டும் சேர்ந்ததன் விளைவாக, முதலாண்டு டேக்கிள் தன் பாடத்தை ஊரறிய, கணக்கில் சேரும் ஆட்டங்களிலேயே படிக்க வேண்டியவனாகிறான்.

இந்த வாதத்துக்கு எதிராக டிரிஸ்டன் வர்ஃப்ஸைக் காட்டலாம். அயோவா மாநிலத்தின் மவுன்ட் வெர்னன் என்ற சிற்றூரைச் சேர்ந்த இவரை 2020-இல் டாம்பா பே அணி 13-ஆவது தெரிவாக எடுத்தது. அவ்வாண்டு பெருந்தொற்றினால் முன்னோட்ட ஆட்டம் ஒன்றுகூட நடைபெறவில்லை. வசந்தகாலப் பயிற்சியும் இல்லை. அவர் காக்க வேண்டியவரோ 43 வயதான டாம் பிரேடி. முதல் ஆட்டத்தில் நியூ ஆர்லியன்ஸின் கேமரன் ஜோர்டன் எதிர்ப்பட்டார். ஆயினும் வர்ஃப்ஸ் பருவத்தின் 16 ஆட்டங்களிலும், பிறகு நான்கு வெளியேற்று ஆட்டங்களிலும் தொடக்கத்திலிருந்தே ஆடி, 2021 பிப்ரவரி 7-ஆம் தேதி சூப்பர் பவுல் வெற்றியில் பங்கு பெற்றார். ஆனால் இவர் எதை ஆடினார் என்பதைக் கவனிக்க வேண்டும்: அயோவாவில் தமக்கு நன்கு பழகியிருந்த வலப்பக்கத்தையே ஆடினார். அந்தக் கல்லூரியின் பயிற்சியாளர் கர்க் ஃபெரன்ட்ஸ் முன்வரிசையை வளர்ப்பதில் பெயர் பெற்றவர். போதாக்குறைக்கு, அவ்வாண்டு பெரும்பாலான அரங்கங்கள் வெறிச்சோடிக் கிடந்ததால், மௌனக் கணக்கின் கொடுமை அந்த முதலாண்டுக்காரருக்கு வெகுவாகக் குறைந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன்.

அதே சூப்பர் பவுலில் எதிர்ப்பக்கம் நடந்ததையும் பார்க்க வேண்டும். கான்ஸஸ் ஸிட்டியின் இரு டேக்கிள்களும் காயத்தினால் ஆடவில்லை. ஃபிஷருக்கு இரு வாரங்களுக்கு முன்தான் குதிகால் தசைநாண் அறுந்திருந்தது. அவர் இடத்தில், அப்பருவத்தில் பெரும்பாலும் வலப்பக்கம் ஆடிவந்த ஒருவரைக் கொண்டுவந்து இடப்பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர்தான் மைக் ரெம்மர்ஸ். அவ்வணியின் க்வார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் அன்று ஆட்டம் முழுவதும் உயிருக்கு ஓடுபவர்போல ஓடினார். அவருடைய அணி 31-9 என்று தோற்றது. முதலாண்டு இளைஞன் பழகிய பக்கத்தில் நின்று வென்றான். ஒன்பதாண்டு அனுபவசாலி பக்கம் மாறி நின்று அவதியுற்றார். வயதும் அனுபவமும் இங்கே இரண்டாம்பட்சம் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சியம் எனக்குத் தெரியாது.

தெரிவின் முதற்சுற்றில் வருபவர்களைப் பற்றியே இதுவரை பேசினோம். அவர்களுக்குக் கொடுத்த விலையே அவர்களுக்குப் பாதி இடத்தைப் பெற்றுத் தருகிறது. கடைசிச் சுற்றில் வருபவன் நிலை வேறு. ஆட்ட நாளில் முன்வரிசையாளர் எட்டுப் பேரை அணி வைத்துக்கொண்டால் 48 பேரை ஆடத் தயாராக நிறுத்தலாம் என்று இப்போது விதி இருப்பதால், ஐவருக்குப் பின்னால் மூவருக்கு வழியுண்டு. அம்மூவரில் ஒருவர் இருபுறமும் ஆடத் தெரிந்த டேக்கிளாக இருக்க வேண்டும். ஆக, விலை மிகுந்தவனுக்கு ஒரு பக்கத்தைக் கற்றால் போதும். விலையற்றவன் இரு பக்கத்தையும் கற்றாக வேண்டும்! அதுவும், தன் இடத்தைப் பறிக்க வந்தவன் என்று தெரிந்தே அவனுக்கு அடிவைப்பைத் திருத்திச் சொல்லும் மூத்தவர்களிடம் கற்க வேண்டும். ஐவரும் ஒரே தேகமாக அசைந்தாலன்றி ஒருவருக்கும் உய்வில்லை என்ற காரணத்தால், அந்த மூத்தவர்கள் சொல்லித்தரவும் செய்கிறார்கள்.

அவ்வாறு கடைசிச் சுற்றில் வந்தவர்களில் ஒருவரான ஜோர்டன் மைலாட்டா என்பவர் ஸிட்னி நகரத்துச் சமோவக் குடும்பத்தில் பிறந்து ரக்பி லீக் ஆடியவர். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவரை 2018-இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி 233-ஆவது தெரிவாக எடுத்து, ஜெஃப் ஸ்டவுட்லண்ட் என்ற முன்வரிசை ஆசானிடம் ஒப்படைத்தது. இரண்டு பருவங்கள் அவர் களம் இறங்கவேயில்லை. குனிந்து நிற்பதிலிருந்து எல்லாவற்றையும் அரிச்சுவடியாகப் படித்தார். 2020 அக்டோபரில் பிறர் காயத்தினால் முதல் வாய்ப்பு. 2021 ஆகஸ்டில், 2019-ஆம் ஆண்டு முதற்சுற்றில் எடுக்கப்பட்ட ஆண்ட்ரே டில்லர்டோடு நேருக்கு நேர் போட்டியிட்டு இடப்புற ஸ்தானத்தை வென்றார். 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் 40-22 என்று சூப்பர் பவுலை வென்றபோது இடப்பக்கத்தில் நின்றவர் அவரே. முதல் ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அவர் அடுத்த விமானத்தில் ஸிட்னிக்குத் திரும்பியிருப்பார்.

வர்ஃப்ஸின் கதை வலப்பக்கத்தோடு முடியவில்லை. 2021-இல் நாட்டின் முதல்தர வலப்புற டேக்கிளாக எண்ணப்பட்ட அவரை, 2023-இல் டோனவன் ஸ்மித் அணியை விட்டுப் போனதும், டாம்பா பே இடப்பக்கத்துக்கு மாற்றியது. புகழின் உச்சியில் இருந்த ஒருவர் மறுபடியும் முதலாண்டு மாணவனானார். தம் கலக்கத்தை அவர் வெளியாரிடம் மறைக்கவும் இல்லை. அவருக்கு ஒரு வசந்தமும் ஒரு கோடையும் முழுதாகக் கிடைத்தன. அவற்றை அணி அவருக்காக ஒதுக்கியது. அப்பருவத்தின் முடிவில் இடப்புற டேக்கிளாக, சிறந்த ஆட்டக்காரர்களுக்குரிய புரோ பவுலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சூவலுக்கு 2021-இல் கிடைத்தது சில வாரங்கள். ரெம்மர்ஸுக்கு இரண்டு வாரங்கள்.